பணம் போகாமலே நஷ்டமா? வட்டி ஸ்வாப் கணக்கு: கேள்வி பதில்

மார்ச் 31 நெருங்க நெருங்க வருகிற கடிதங்களில் பாதி வட்டியைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வாளையாறு தாண்டிய பக்கத்திலிருந்து, கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை என்று நிறைய வந்திருக்கின்றன, எல்லாமே ஸ்வாப்பைச் சுற்றி, அதாவது மாறும் வட்டியையும் நிலையான வட்டியையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் சுற்றி. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்குத்தான் நீண்ட பதில், அதைப் படித்துவிட்டு மற்றதற்குப் போனால் புரிய எளிது.

கேள்வி: சார், தினமும் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் கஞ்சிக்கோடு வந்து போகிறேன், அங்கே ஓர் ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை. எங்களுக்கு இன்ட் ஏஎஸ் (பெரிய கம்பெனிகளுக்கான இந்தியக் கணக்குத் தரநிலை) பொருந்தும். போன ஜூலையில் கம்பெனி 1 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன் வாங்கியது. ஐந்து வருஷம், அசல் கடைசியில் மொத்தமாக, வட்டி சோஃபர் (டாலர் கடன்களுக்கு அடிப்படையான மாறும் சந்தை வட்டி) கூட்டல் 2 சதவீதம். அதே நாளில் பேங்கோடு ஒரு ஸ்வாப்: நாங்கள் நிலையாக 4 சதவீதம் கட்டுவோம், அவர்கள் சோஃபர் தருவார்கள். இப்போது பேங்க் அனுப்பிய எம்டிஎம் (இன்றைய சந்தை மதிப்பு) கடிதத்தில் 1.9 லட்சம் டாலர் நஷ்டம் என்று இருக்கிறது. "பத்து பைசா வெளியே போகலை, பாதுகாப்புக்குத்தானே போட்டோம், நஷ்டம்னு எதுக்குக் காட்டணும்?" என்று எம்.டி. கேட்கிறார். ஆடிட்டரோ ஹெட்ஜ் டாகுமென்ட், அதாவது இந்த ஸ்வாப் ரிஸ்குக்குப் போட்ட பாதுகாப்பு என்று எழுதிவைத்த காகிதம், எங்கே என்கிறார். அது ஜனவரியில்தான் தயாரானது. என்ன செய்வது?
– கணக்குப் பிரிவு ஊழியர், கஞ்சிக்கோடு

பதில்: உங்கள் எம்.டி. கேட்பது நியாயமான கேள்வி, அதை ஒதுக்கிவிட வேண்டாம். முதலில் ஸ்வாப் செய்கிற வேலையைக் கணக்கில் பார்ப்போம். ஒரு காலாண்டில் சோஃபர் 4.4 சதவீதம் என்றால் கடனுக்கு 6.4 வீதம் 1.6 லட்சம் டாலர் வட்டி கட்டுகிறீர்கள். ஸ்வாப்பில் 1.1 லட்சம் வாங்கி 1 லட்சம் கொடுக்கிறீர்கள், கையில் 10,000 மிச்சம். ஆக நிகர வட்டி 1.5 லட்சம். சோஃபர் 3.4-க்கு இறங்கினால் கடன் வட்டி 1.35 லட்சம், ஸ்வாப்பில் நீங்கள் 15,000 தர வேண்டும், அப்போதும் 1.5 லட்சம்தான். எங்கே சுற்றினாலும் 6 சதவீதம். இதற்காகத்தான் ஸ்வாப் போட்டீர்கள், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டும் இருக்கிறது.

அப்புறம் நஷ்டம் எங்கிருந்து வந்தது? சந்தையில் மீதமுள்ள நாலேகால் வருஷத்துக்கு இன்று ஸ்வாப் போட்டால் 3.5 சதவீதம் கட்டினால் போதும், நீங்களோ 4 கட்ட ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். அரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 50,000 டாலர், அதை மீதிக் காலத்துக்கு இன்றைய மதிப்பில் கூட்டினால் ஏறத்தாழ 1.9 லட்சம். பேங்க் சொல்வது இதைத்தான். இன்ட் ஏஎஸ் 109-ன்படி டெரிவேட்டிவ் (ஸ்வாப் மாதிரி, வேறொன்றின் விலையையோ வட்டியையோ வைத்து மதிப்பு மாறும் ஒப்பந்தம்) எதுவாக இருந்தாலும் பேலன்ஸ் ஷீட்டில் நியாய மதிப்பில்தான் நிற்க வேண்டும், பணம் போனதா வந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் இந்த மாதிரி ஒப்பந்தங்கள் கணக்குக்கு வெளியே, அடிக்குறிப்பில் மட்டும் இருந்தன. அமெரிக்காவில் 1998 ஜூனில் வந்த 133-ம் எண் தரநிலை அதை மாற்றியது. நம்மிடம் பெரிய கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரல் 1 முதல் இன்ட் ஏஎஸ் வந்த பிறகு முழுமையாக மாறியது. ஆகவே 1.9 லட்சம் டாலரைப் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கத்தில் காட்டத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை.

பேச வேண்டியது அதன் எதிர்ப்பக்கத்தைப் பற்றி. டெபிட் எங்கே போகும்?

ஒன்றும் செய்யாமல் விட்டால் நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். இதில் ஒரு கோணல் இருக்கிறது, அதைத்தான் எம்.டி. தன் பாணியில் சொல்கிறார். வட்டி இறங்கியதால் ஸ்வாப்பில் நஷ்டம் என்றால், அதே வட்டி இறக்கத்தால் கடனுக்கு இனி கட்டப்போகும் வட்டியும் குறையும் இல்லையா? அந்த லாபம் இன்றைய புத்தகத்தில் எங்கும் இல்லை, வரும் காலாண்டுகளில்தான் வரும். நஷ்டத்தை மட்டும் இந்த வருஷம் தூக்கி வைத்தால் கம்பெனி எடுக்காத ரிஸ்கை எடுத்து அடிபட்ட மாதிரி ரிசல்ட் தெரியும். ஹெட்ஜ் அக்கவுண்டிங் சரி செய்வது இந்த நேர வித்தியாசத்தை மட்டும்தான். உங்களுடையது கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ், அதாவது இனி கட்டப்போகும் பணத்துக்குப் போட்ட பாதுகாப்பு. ஸ்வாப் மதிப்பு மாற்றத்தில் ஹெட்ஜாக வேலை செய்த பகுதி ஓசிஐக்கு (லாப நஷ்டத்தில் சேராத இதர மொத்த வருமானம்) போய், கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வில் உட்காரும். ஒவ்வொரு காலாண்டு வட்டி கணக்கில் ஏறும்போதும் அதற்குரிய துண்டு ரிசர்விலிருந்து எடுக்கப்பட்டு வட்டிச் செலவோடு சேரும். வட்டிச் செலவு 6 சதவீதமாகவே தெரியும். ஐந்து வருஷம் முடியும்போது ரிசர்வ் பூஜ்யம். மொத்த லாப நஷ்டம் ஒரு டாலர்கூட மாறாது, எந்த வருஷத்தில் எவ்வளவு என்பதுதான் மாறும்.

ஆனால் இந்த வசதி தானாகக் கிடைக்காது. ஹெட்ஜ் என்று நியமித்து எழுதிவைத்த நாளிலிருந்துதான் கிடைக்கும். உங்கள் விஷயத்தில் வலிக்கிற இடம் அது. ஜூலையிலிருந்து ஜனவரி வரை ஸ்வாப் வெறும் டெரிவேட்டிவ், அந்தக் காலத்து மாற்றம் முழுவதும் லாப நஷ்டத்தில். ஜனவரியில் டாகுமென்ட் போட்ட நாளில் சந்தை விகிதம் 3.7 சதவீதமாக இருந்தது என்று வையுங்கள், அன்றைய நஷ்டம் சுமார் 1.2 லட்சம் டாலர். அது லாப நஷ்டக் கணக்கில்தான். அதன்பின் வந்த 70,000 சொச்சம்தான் ஓசிஐ. இன்னொரு தொல்லையும் உண்டு. ஜனவரியில் நியமிக்கும்போது ஸ்வாப்பின் மதிப்பு பூஜ்யம் இல்லை, ஏற்கெனவே 1.2 லட்சம் நஷ்டத்தில் நிற்கிற ஒப்பந்தம். அதனால் அன்று சந்தையில் புதிதாகப் போட்டிருக்கக்கூடிய ஸ்வாப்போடு இது துல்லியமாகப் பொருந்தாது, கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பிசிறு (பொருந்தாமல் மிஞ்சும் வித்தியாசம்) வந்துகொண்டே இருக்கும்.

ஜூலைத் தேதி போட்டு ஒரு டாகுமென்ட் தயார் பண்ணச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். இதை ரொம்ப அக்கறையோடு சொல்கிறேன். கம்பெனிக்கு ஒரு வருஷ லாபம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முன்தேதியிட்ட காகிதம் உங்கள் வேலையையும் பேரையும் கேட்கும்.

டாகுமென்ட் என்றதும் ஐம்பது பக்கம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், இரண்டு பக்கத்தில் அடங்கும். எந்தக் கடன், எந்த ஸ்வாப் (ஒப்பந்த எண், தேதி, தொகை), எந்த ரிஸ்க், ஏன் ஹெட்ஜ் செய்கிறோம், ஒன்றுக்கு ஒன்றா வேறு விகிதமா, எப்படி அளப்போம், பிசிறு எங்கிருந்து வரலாம். இதில் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், ஆடிட்டர் துருவுவதும் அங்கேதான். உங்கள் கடன் ஒப்பந்தத்தையும் ஸ்வாப் கன்ஃபர்மேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படியுங்கள். கடன் 15-ம் தேதி ரீசெட் ஆகி (வட்டி விகிதம் புதுப்பிக்கப்பட்டு) ஸ்வாப் 30-ம் தேதி ரீசெட் ஆகிறதா? கடனில் சோஃபர் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று ஒரு வரி இருந்து ஸ்வாப்பில் இல்லாமல் இருக்கிறதா? கடன் மூன்று மாதத்துக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும் டெர்ம் சோஃபரிலும் ஸ்வாப் நாள்தோறும் கூட்டிக்கொண்டு வரும் சோஃபரிலும் இருக்கிறதா? 2023 ஜூன் 30-ல் பழைய அளவுகோல் வட்டியான டாலர் லைபார் முடிந்து எல்லோரும் சோஃபருக்கு மாறிய பிறகு இந்தக் கடைசி ஓட்டையைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். இவற்றில் எதுவும் ஹெட்ஜைக் கெடுத்துவிடாது, ஆனால் எழுதியிருக்க வேண்டும், அளக்க வேண்டும்.

பேங்க் கொடுத்த எண்ணை அப்படியே போட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பொறுப்புகள் பக்கத்தில் நிற்கும் ஸ்வாப்புக்கு நியாய மதிப்பு போடும்போது உங்கள் கம்பெனியின் சொந்தக் கடன் தகுதியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது இன்ட் ஏஎஸ் 113, பேங்க் கடிதத்தில் பெரும்பாலும் அது இருக்காது. ஓசிஐக்குப் போகும் தொகைக்கு டெஃபர்ட் டேக்ஸும் (பின்னால் வரப்போகும் வரி விளைவு) ஓசிஐயிலேயே. டாலரை ரூபாயாக்குவது தனிக் கதை, உங்கள் ஸ்வாப் அதைத் தொடவே இல்லை. எம்.டி.யிடம் அதையும் ஞாபகப்படுத்துங்கள், வட்டிக்கு வேலி போட்டோம், டாலர் விலைக்குப் போடவில்லை என்று.

கேள்வி: மேற்படி கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் புரிகிறது சார், ஃபேர் வேல்யூ (நியாய மதிப்பு) ஹெட்ஜ்தான் மண்டையில் ஏறவில்லை. ஒரே ஸ்வாப் ஒரு இடத்தில் ஓசிஐக்குப் போகிறது, இன்னொரு இடத்தில் லாப நஷ்டத்துக்குப் போகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
– ஆர்ட்டிகிள்ஷிப் மாணவி, சித்தூர் (பாலக்காடு)

பதில்: எது ஆடுகிறது என்று மட்டும் பாரும்மா. வட்டி மாறும் கடனில் ஆடுவது கட்டப்போகும் பணம். அதை நிலையாக்கினால் கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ். நிலையான வட்டிக் கடனில் கட்டும் பணம் ஆடுவதே இல்லை, சந்தை வட்டி மாறும்போது அந்தக் கடனின் மதிப்புதான் ஆடுகிறது. அதை மாறும் வட்டியாக மாற்றிக்கொண்டால் ஃபேர் வேல்யூ ஹெட்ஜ்.

ஒரு கம்பெனி 9 சதவீத நிலை வட்டியில் 100 கோடிக்கு என்சிடி (பங்காக மாற்ற முடியாத கடன்பத்திரம்) வெளியிட்டது என்று வை. ஸ்வாப் போட்டு நிலை வட்டி வாங்கி மாறும் வட்டி கொடுக்கிறது. வட்டி இறங்கியது. ஸ்வாப்பில் 2 கோடி லாபம், ஸ்வாப் சொத்து டெபிட், லாப நஷ்டம் கிரெடிட். சாதாரணமாக என்சிடி 100 கோடியாகவே கிடக்கும், ஆனால் ஹெட்ஜ் அக்கவுண்டிங்கில் அதையும் தொட வேண்டும், ஹெட்ஜ் செய்த வட்டி ரிஸ்க் அளவுக்கு மட்டும். அது 1.95 கோடி என்றால் லாப நஷ்டம் டெபிட், என்சிடி கிரெடிட். இரண்டும் ஒரே கணக்கில் மோதி 5 லட்சம் மட்டும் மிஞ்சும், அது பிசிறு. பேலன்ஸ் ஷீட்டில் என்சிடி 101.95 கோடி என்று தெரியும். அந்தக் கூடுதல் 1.95 கோடி காலப்போக்கில் வட்டிக் கணக்கு வழியாகக் கரையும். இதை எப்போது ஆரம்பிப்பது என்பதில் தரநிலை கொஞ்சம் இடம் கொடுக்கிறது, ஹெட்ஜ் நிற்கும் நாளைத் தாண்டித் தள்ளிப்போட மட்டும் முடியாது.

ஆக ஃபேர் வேல்யூ ஹெட்ஜில் எதிர்ப்பக்கத்து லாபமோ நஷ்டமோ இன்றே புத்தகத்தில் ஏற்றப்படுகிறது, அதனால் ஓசிஐ தேவையில்லை. கேஷ் ஃப்ளோ ஹெட்ஜில் எதிர்ப்பக்கம் எதிர்காலத்தில் இருக்கிறது, அதனால் இந்தப் பக்கத்தை நிறுத்திவைக்க ஓர் இடம் வேண்டும்.

பரீட்சையில் தவறாமல் கேட்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வில் எவ்வளவு நிற்கலாம் என்பதற்கு இரண்டு தொகைகளில் சிறியதை எடுக்க வேண்டும். ஒன்று, ஆரம்பத்திலிருந்து ஸ்வாப்பில் வந்த மொத்த மாற்றம். இன்னொன்று, கடனுக்கு அச்சாகப் பொருந்தும் ஒரு கற்பனை ஸ்வாப்பில் வந்திருக்கக்கூடிய மொத்த மாற்றம். நிஜ ஸ்வாப் 2 கோடி, கற்பனை ஸ்வாப் 1.9 கோடி என்றால் 10 லட்சம் லாப நஷ்டத்துக்கு. தலைகீழாக நிஜம் 1.9, கற்பனை 2 என்றால் முழு 1.9 கோடியும் ரிசர்வில், லாப நஷ்டத்துக்கு ஒன்றுமில்லை. காரணம் எளிது, இன்னும் நடக்காத வட்டியின் லாபத்தைக் கொண்டுவந்து இன்றே வருமானமாகக் காட்டிவிடக் கூடாது. ஃபேர் வேல்யூ ஹெட்ஜுக்கு இந்தச் "சிறியது எது" விதி கிடையாது, அங்கே இரண்டு பக்கமும் முழுசாக ஏறும். இதைக் குழப்பிக்கொள்ளாதே.

கேள்வி: ஸ்வாப்பின் மாற்றம் கடன் பக்கத்து மாற்றத்தில் 80-லிருந்து 125 சதவீதத்துக்குள் வந்தால்தான் ஹெட்ஜ் என்று படித்திருக்கிறேன். எங்கள் புது ஆடிட்டர் அது போய்விட்டது என்கிறார். தாய் கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது, அவர்கள் இன்னும் கேட்கிறார்கள். யார் சொல்வது சரி?
– நிதிப் பிரிவு மேலாளர், வேலந்தாவளம்

பதில்: இருவருமே சரி. அந்த எல்லைக்கோடு பழைய சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 39-ல் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9-லும் அதன் வழி வந்த இன்ட் ஏஎஸ் 109-லும் இல்லை. அதற்குப் பதில் மூன்று விஷயம் பார்க்கிறோம்: கடனும் ஸ்வாப்பும் எதிரெதிராக நகரப் பொருளாதாரக் காரணம் இருக்கிறதா, கடன் தகுதிக் கவலை அந்த நகர்வையே விழுங்கிவிடுகிறதா, நிஜத்தில் எந்த அளவில் ஹெட்ஜ் செய்கிறோமோ அதே விகிதம்தான் டாகுமென்டிலும் இருக்கிறதா. 78 சதவீதம் வந்ததற்காக ஹெட்ஜ் உடைந்துவிடாது, பிசிறு மட்டும் லாப நஷ்டத்தில் தெரியும்.

அமெரிக்கக் கணக்கில் ஹெட்ஜ் "மிகவும் செயல்திறன் உள்ளதாக" இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் உண்டு, நடைமுறையில் அதற்கு 80-125தான் அளவுகோல். ஆனால் 2017 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தேர்வில் தேறிய கேஷ் ஃப்ளோ ஹெட்ஜுக்குப் பிசிறைத் தனியாகப் பிரித்து லாப நஷ்டத்தில் காட்டுவது அங்கே இல்லை, முழு மாற்றமும் ஓசிஐதான். ஆகவே ஒரே ஸ்வாப்புக்கு இங்கே ஒரு லாபமும் அங்கே ஒரு லாபமும் வரும். தாய் கம்பெனிக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் அந்தச் சரிக்கட்டலுக்கு ஒரு வரியை நிரந்தரமாகவே ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்களுக்கு அரிசி மில். 3 கோடி டேர்ம் லோன், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு சேர்ந்த வட்டி. 2022-ல் ஏறின ஏற்றத்தில் திணறிப்போனோம். இப்போ பேங்கிலிருந்து ஒருத்தர் வந்து மைபார்ங்கிற சந்தை வட்டியை வெச்சு ஸ்வாப் போட்டுக்கோங்க, வட்டி ஏறினாலும் கவலையில்லை என்கிறார். போடலாமா? கணக்கு எழுதுறவர் வேண்டாம் என்கிறார்.
– மில் உரிமையாளர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, திணறியதில் ஆச்சரியமே இல்லை. 2022 மே ஆரம்பத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5-க்கு வந்துவிட்டது. 3 கோடிக்கு இரண்டரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 7.5 லட்சம் கூடுதல், மில்லில் அது யாரோ ஒருவருடைய சம்பளம், ஒரு மோட்டார், ஒரு போர்வெல். ஆனால் அதே ரெப்போ 2025 ஜூனில் 5.5-க்கு இறங்கியதையும் பார்த்தீர்கள். உச்சத்தில் ஸ்வாப் போட்டவர் அந்த இறக்கத்தை அனுபவித்திருக்க மாட்டார். ஸ்வாப் இரண்டு பக்கமும் கட்டிப்போடும், ஏறினால் காப்பாற்றும் என்பது மட்டும் சொல்லி விற்றால் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து, உங்கள் கடன் ரெப்போவைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீசெட் ஆகும், ஸ்வாப்போ பேங்குகளுக்கிடையிலான ஒரு நாள் கடன் (கால் மார்க்கெட்) வட்டியான மைபாரை நாள்தோறும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டும் அக்கம்பக்கத்தில் நடக்கும், ஆனால் ஒன்றாக நடக்காது. ரிசர்வ் வங்கி காலாண்டு நடுவில் வட்டியை மாற்றினால் ஸ்வாப்பில் உடனே தெரியும், கடனில் அடுத்த ரீசெட்டில்தான். கடன் பழைய எம்சிஎல்ஆரில் இருந்தால் இன்னும் மோசம், அது பேங்க் தன் செலவை வைத்துத் தானே போடும் விகிதம். அதிலிருந்து மைபார் பங்கு இவ்வளவு என்று பிரித்து எடுத்து ஹெட்ஜ் செய்தேன் என்று சொல்ல வழியே இல்லை.

கணக்குப் பக்கம்: உங்கள் மாதிரி இன்ட் ஏஎஸ் பொருந்தாதவர்களுக்கு ஐசிஏஐ (பட்டயக் கணக்காளர்கள் அமைப்பு) 2015-ல் டெரிவேட்டிவ் கணக்குக்கான வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது, 2016 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு. அதன்படி ஸ்வாப்பை மதிப்பு போட்டுப் பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டும், ஹெட்ஜ் அக்கவுண்டிங் வேண்டுமென்றால் மேலே சொன்ன டாகுமென்ட் வேலை உங்களுக்கும் உண்டு. உங்கள் கணக்கர் வேண்டாம் என்பது சோம்பலில் சொல்வது இல்லை. 3 கோடிக் கடனுக்கு இவ்வளவு வேலையும், ஒவ்வொரு மார்ச்சும் ஒரு மதிப்பீடும், பாதியில் கடனை அடைத்தால் ஸ்வாப்பை உடைக்கும் செலவும் கட்டுப்படியாகுமா என்று கேளுங்கள். என் கருத்து, வேண்டாம். முதலில் பேங்கில் நிலை வட்டிக் கடன் என்ன விகிதத்தில் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சந்தையைவிட அரை சதவீதம் கூட இருந்தாலும் அதில் ஸ்வாப் இல்லை, மதிப்பீடு இல்லை, வட்டிச் செலவு கணக்கில் ஒரே வரியில் முடிந்துவிடும். ஏற்றம் மட்டும்தான் பயம் என்றால் கேப் என்று ஒன்று உண்டு, ஒரு தொகை முன்னதாகக் கட்டிவிட்டால் வட்டி குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது வித்தியாசத்தைத் தருவார்கள், இறங்கினால் இறக்கம் உங்களுக்கே. அதன் விலையையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனி ஸ்வாப் போட்ட கடனை வரும் மே மாதத்தில் முன்கூட்டியே அடைத்துவிடப் போர்டு தீர்மானித்துவிட்டது. ரிசர்வில் 40 லட்சம் நஷ்டம் நிற்கிறது. ஸ்வாப்பை அப்படியே வைத்துக்கொண்டு ரிசர்வைக் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாமா? ஹெட்ஜை நாமே ரத்து செய்தால்?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: எடுக்க முடியாது. ரிசர்வ் காத்திருப்பது வரப்போகும் வட்டிக்காக. அந்த வட்டி இனி வராது என்று மார்ச் 31-க்கு முன்பே தெரிந்துவிட்டால் மே மாதத்துக்குப் பிந்தைய வட்டிக்கான பங்கு இந்த வருஷமே லாப நஷ்டத்துக்கு வந்துவிடும், மே வரைக்கான சின்னத் துண்டு மட்டும் நிற்கும். கடன் தொடர்ந்து ஸ்வாப்பை மட்டும் முடித்திருந்தால்தான் ரிசர்வ் அப்படியே இருந்து வட்டியோடு சேர்ந்து கரையும். நாமாக ஹெட்ஜை ரத்து செய்யும் உரிமையும் இன்ட் ஏஎஸ் 109-ல் இல்லை. ரிஸ்க் மேனேஜ்மென்ட் நோக்கம் மாறினாலோ தகுதி போனாலோதான் நிற்கும்.

ஒரே ஒரு வழி இருக்கலாம். இந்தக் கடனை அடைப்பது இன்னொரு மாறும் வட்டிக் கடன் வாங்கித்தானா? அப்படியென்றால் ஹெட்ஜ் டாகுமென்டை எடுத்து, எதை ஹெட்ஜ் செய்கிறோம் என்ற வரியைப் படியுங்கள். குறிப்பிட்ட கடன் எண்ணை மட்டும் எழுதியிருந்தால் 40 லட்சமும் ஏறக்குறைய முழுசாக இப்போதே. "இந்தக் கடன் அல்லது அதற்குப் பதிலாக வாங்கும் கடன் மீதான, இந்தத் தொகை அளவிலான மாறும் வட்டி" என்று ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால், புதுக் கடனின் வட்டியும் அதே அளவுகோலில் இருந்து, அது வாங்கப்படும் என்பது உறுதியாகத் தெரிந்தால், ஹெட்ஜ் தொடர இடம் இருக்கிறது. தீர்மானத்தின் நகல், புதுக் கடனின் சாங்ஷன் லெட்டர், பழைய டாகுமென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரை மார்ச்சுக்குள்ளேயே பார்த்துவிடுங்கள்.